குடிக்கத் தகுந்த மஞ்சள்

3 நவம்பர் 2025, திங்கள்

இன்றைய சாயம்: அரக்குச் சிவப்பு நான்கு கட்டு, மாம்பழ மஞ்சள் இரண்டு கட்டு. அரக்கு நன்றாக ஏறியது. மஞ்சள் அதைவிட நன்றாக. முப்பது வருடமாகப் பட்டுநூலுக்குச் சாயம் போடுகிறேன், இன்றைக்கும் ஒரு மஞ்சள் சரியாக விழுந்தால் மாப்பிள்ளை மிடுக்கில் நடக்கிறேன் என்று என் மனைவி அஞ்சும் கேலி செய்கிறாள். நடந்தால் என்ன? என் வீட்டு முற்றத்தில்தானே நடக்கிறேன்.

பதினொரு மணிக்கு ஸ்கூட்டரில் ஒரு பெண் வந்தாள். புதுச் சுகாதார ஆய்வாளராம், பெயர் சுகாசினி. தெருவில் நான்கு வீட்டில் வயிற்றுப்போக்கு. தெருவில் பலரும் மொள்ளும் நம் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு, "ரிசல்ட் வர்ற வரைக்கும் இதைக் குடிக்காதீங்க பாய். கிணத்துக்கு பிளீச்சிங் பவுடர் போடணும்" என்றாள்.

பிளீச்சிங் பவுடர்! என் கிணற்றில்! "ஏம்மா, கலர் ஏத்துறவன் வீட்டுக்கு வந்து கலர் எடுக்கிற பவுடரைக் கொட்டுறேன்றியே, நியாயமா இது? பட்டு என்னாத்துக்கு ஆவும்?" என்று கத்தினேன். அந்தப் பெண் சிரிக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு சொம்பு மொண்டு அவள் எதிரிலேயே குடித்தேன். அஞ்சுமையும் கூப்பிட்டு, "நீயும் ஒரு டம்ளர் குடி, இந்தப் பொண்ணு பாக்கட்டும்" என்றேன். குடித்தாள் பாவம்.

சுகாசினி தெருக்குழாயைத் திறந்தாள். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து இரண்டு சொட்டு மருந்து விட்டாள், தண்ணீர் லேசாக மஞ்சளானது. மஞ்சள் கட்டங்கள் அச்சடித்த ஓர் அட்டையோடு ஒத்துப் பார்த்து, "குளோரின் சரியா இருக்குது. இதைக் குடிங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். யாரம்மா குடிப்பது அதை.

4 நவம்பர்

கத்திரிப்பூ கலர். கொஞ்சம் கறுத்துவிட்டது. கோபத்தில் சாயம் போடக் கூடாது.

7 நவம்பர், வெள்ளி

அஞ்சுமுக்கு விடிகாலையிலிருந்து போகிறது. எட்டு முறை, ஒன்பது முறை. எனக்கு ஒன்றும் இல்லை, கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிறு. ஜும்மா தொழுகைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்டோவில் அவள் தலை என் தோளில் துவண்டு கிடந்தது. யா அல்லாஹ், நான்தானே குடின்னேன். வீம்புக்கு. ஒரு சின்னப் பொண்ணுகிட்ட ஜெயிக்கணும்னு.

8 நவம்பர்

மூன்று பாட்டில் குளுக்கோஸ் ஏறியிருக்கிறது. சாயங்காலம் கண்ணைத் திறந்து, "அந்தக் கத்திரிப்பூ கட்டை காய வச்சீங்களா?" என்று கேட்டாள். வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன்.

10 நவம்பர், திங்கள்

அஞ்சும் வீடு திரும்பினாள். சுகாசினி ரிசல்ட்டோடு வந்தாள். கிணற்றில் சாக்கடைக் கிருமி இருக்கிறதாம். என்னை ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை, அதுதான் அதிகம் குத்தியது. "போடும்மா, எவ்ளோ பவுடர் வேணுமோ போட்டுக்கோ" என்றேன்.

அஞ்சும் கடையிலிருந்து கேன் தண்ணீர் வரவழைத்துவிட்டாள். தெருக்குழாய்த் தண்ணீர் நல்லது என்று சுகாசினி சொன்னதை நானும் எடுத்துச் சொன்னேன்.

"உங்க வார்த்தைய நம்பி இனிமே ஒரு மடக்குகூட குடிக்க மாட்டேங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சொன்னது சொன்னதுதான், எனக்குத் தெரியும்.

12 நவம்பர்

பவுடர் போட்ட கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்து அகலப் பாத்திரங்களில் ஊற்றி, குளோரின் பறந்து போகட்டும் என்று இரண்டு நாளாக வெயிலில் வைத்திருந்தேன். சுகாசினி வந்து சொட்டு மருந்து விட்டாள். மஞ்சளே இல்லை. அந்தத் தண்ணீரில் ஒரு சின்னக் கட்டுக்குச் சாயம் போட்டுப் பார்த்தேன், கிளிப்பச்சை கிளிப்பச்சையாகவே விழுந்தது!

"பாத்தீங்களா பாய், மஞ்சள் வந்தா குடிக்கலாம், வரலைன்னா சாயம் போடலாம்" என்றாள். கெட்டிக்காரிதான். டீ கொடுத்தேன். கேன் தண்ணீரில் போட்ட டீ என்று அஞ்சும் அழுத்திச் சொன்னாள்.

17 நவம்பர், திங்கள்

பக்கத்து வீட்டு நெசவாளர் கண்ணாயிரத்துக்கு இன்று வயிற்றுப்போக்கு. கண்ணாயிரம் என் கிணற்றுத் தண்ணீரைத் தொடுகிறவரே இல்லை. ஆறு வருடத்துக்கு முன் ஒரு பச்சை வெளிறிப்போனதில் எங்களுக்குள் பெரிய தகராறு. அன்றிலிருந்து தெருக்குழாய்த் தண்ணீர்தான் குடிக்கிறார். அப்படியிருந்தும் தெருவில் எல்லாரும் பேசுவது என்ன? "பாய் கிணத்தாலதான்!" அடப்பாவிகளா.

போய்ப் பார்த்தேன். பாயில் சுருண்டு கிடந்தார். வீறாப்பு மட்டும் சுருளவில்லை.

"உன் தண்ணி நான் குடிச்சதில்லையேப்பா. அது எனக்குத் தெரியும். குழாய்த் தண்ணி போன மாசத்துலேர்ந்து நல்லாதான் இருக்குது, மருந்து வாடைகூட இல்ல" என்றார்.

வாடை இல்லையா? குளோரின் சரியாக இருக்கிறது என்று அந்தப் பெண் சொன்னாளே. இருந்தால் வாடை எங்கே போயிற்று?

18 நவம்பர், செவ்வாய்

இன்று நடந்ததை முழுசாக எழுத வேண்டும்.

ஒன்பது மணிக்கு சுகாசினியை வழிமறித்தேன். நிழலில், நல்ல வெளிச்சத்தில், எனக்காக ஒரு தடவை சோதித்துக் காட்டச் சொன்னேன். தெருக்குழாயில் பிடித்தாள், சொட்டு விட்டாள், அட்டையோடு சேர்த்துப் பிடித்தாள். "பாருங்க, பாயிண்ட் அஞ்சு, அதான் குடிக்கிற அளவு, அந்தக் கட்டத்தோட ஒத்துப்போவுது." ஒத்துத்தான் போனது. அட்டையை வாங்கிப் பார்த்தேன். ஸ்கூட்டர் முன்பக்கத்தில் கிளிப் மாட்டி, வெயிலிலேயே வைத்துச் சுற்றுகிறாள். கிளிப்பைக் கழற்றினேன்.

கிளிப்புக்கு அடியில் ஒரு கோடு. அந்த ஒரு கோட்டில் மட்டும் வேறு மஞ்சள், நல்ல கெட்டி எலுமிச்சை மஞ்சள். மற்ற இடமெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. கடை வாசலில் மாதக்கணக்காகத் தொங்கும் புடவையின் மடிப்பைப் பிரித்தால் உள்ளே தெரியுமே, அது மாதிரி.

"அம்மா, தண்ணி ஒத்துப்போவல. உன் அட்டை சாயம் போயிருக்குது. வெளுத்த அட்டைக்கு வெளுத்த தண்ணி ஜோடியாயிடுச்சு."

அந்தப் பெண் கோட்டைப் பார்த்தாள். தண்ணீரைப் பார்த்தாள். கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "தெருத் தெருவா நல்லா இருக்குது, குடிங்கன்னு சொல்லிக்கினு வந்தேனே பாய்." கண் கலங்கிவிட்டது. ஒரு நிமிஷம்தான். எழுந்து, என் எதிரிலேயே மேலதிகாரிக்குப் போன் போட்டு, தப்பு தன்னுடையது என்று அவளே சொன்னாள். எனக்கு இந்தத் தைரியம் எத்தனை வயதில் வந்தது? வந்ததா?

நானும் அந்தப் பழைய பச்சைத் தகராறுக் கதையைச் சொன்னேன். கண்ணாயிரத்துக்குக் கொடுத்த அந்தப் பச்சையைப் பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோகாமல் டியூப்லைட்டில் பார்த்து "பிரமாதம்" என்று சொன்னவன் நான்தான். ஆறு வருடமாக ஒத்துக்கொள்ளாததை இன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னேன்.

19 நவம்பர், புதன்

புது அட்டை வந்தது. நானும் சுகாசினியும் தெருமுனையிலிருந்து குழாய் குழாயாகப் போனோம். அவள் சொட்டு விடுவாள், நான் பார்த்துச் சொல்வேன். முதல் குழாய் கெட்டி மஞ்சள். மூன்றாவது, கொஞ்சம் கம்மி. சிறுபாலம் தாண்டி எங்கள் பக்கம் வந்ததும் சட்டென்று வெளுத்துவிட்டது, மஞ்சள் என்று ஒரு சாயல்தான். பாலத்துக்கு அடியில் தோண்டினார்கள். எவனோ கேபிள் போடும்போது குழாயை உடைத்துவிட்டுப் போயிருக்கிறான். சாக்கடை அதற்குள்ளே ஜம்மென்று போய்க்கொண்டிருக்கிறது. என் கிணற்றுக்கு வந்ததும் அங்கேயிருந்துதான்.

"பாய் கிணத்தாலதான்" என்று சொன்ன ஒருத்தரையும் இன்று காணோம். விடுவேனா! ஒவ்வொரு வாசலிலும் நின்று, "சாப்பாடு ஆச்சா?" என்று சத்தமாக விசாரித்துவிட்டு வந்தேன்.

21 நவம்பர்

குழாயை மாற்றிவிட்டார்கள். கண்ணாயிரம் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார். பச்சை விஷயத்தை அவரிடமும் ஒப்புக்கொண்டேன். "தெரியும்பா. நீ வாயால சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றார். ஆறு வருஷமா! மனுஷனா இவர்!

26 நவம்பர், புதன்

தெருவுக்கு என்று ஒரு சொட்டு மருந்து பாட்டிலும் கண்ணாடிக் குழாயும் சுகாசினி கொடுத்திருக்கிறாள். அட்டை ஒன்றுதான் இருக்கிறதாம், அதை அவள் எடுத்துப் போக வேண்டும். அட்டை எதற்கு? நான் எதற்கு இருக்கிறேன்?

அந்தப் பாயிண்ட் அஞ்சு மஞ்சளைப் பட்டில் பிடிக்க மூன்று நாள் ஆகியிருக்கிறது. முதல் கட்டு செவந்துவிட்டது. இரண்டாவதில் பச்சை தட்டியது. மூன்றாவது, அடடா! அட்டைமேல் வைத்தால் நூல் எது கட்டம் எது என்று தெரியவில்லை.

"இது வெளுக்காதா பாய்?" என்று கேட்டாள், பட்டவள் அல்லவா.

"வெளுக்கும்மா, ஏன் வெளுக்காது? அதான் இதுல பாதியைத் தாய்நூலா வெயில் படாம பெட்டிக்குள்ள வச்சிருக்கேன். மாசம் ஒருக்கா அதோட பாத்து மாத்திடுவேன்."

30 நவம்பர், ஞாயிறு

தெருக்குழாய்க்குப் பக்கத்தில் ஒரு மூடி போட்ட டப்பா மாட்டியிருக்கிறோம். அதற்குள் என் மஞ்சள் நூல். காலையில் தண்ணீர் விட்டதும் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். ஆளாளுக்குக் கண்ணாடிக் குழாயை வாங்கிப் பார்க்கிறார்கள், ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு. கண்ணாயிரம், "இம்தியாஸு, நூல் ஒரு இழை செவப்பு அடிக்குது" என்கிறார். அடிக்கவில்லை. அவருக்குப் பொழுது போகவேண்டும்.

நான் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டேன். அஞ்சுமிடம் வா என்றும் சொல்லவில்லை, குடி என்றும் சொல்லவில்லை. அவளாகவே போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொட்டு விட்டாள், டப்பாவைத் திறந்தாள், நூலை எடுத்துக் கண்ணாடிக் குழாயோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தாள். ரொம்ப நேரம் பிடித்தாள். அப்புறம் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்து, முதல் டம்ளரை என் எதிரில் நின்று மடமடவென்று குடித்தாள்.

நான் பல்லைக் காட்டியிருப்பேன் போல.

"ரொம்ப சிரிக்காதீங்க. உங்க வார்த்தைக்குக் குடிக்கல, மஞ்சளுக்குக் குடிச்சேன்" என்றாள்.

கேன்காரனை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அவளே போனில் சொல்லிவிட்டாள். மதியம் மாம்பழ மஞ்சள் இரண்டு கட்டு போட்டேன். முற்றத்தில் கொஞ்ச நேரம் நடந்தேன்.