பொய்யா, கற்பனையா

காத்திவாக்கம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஜெஸ்லின்,

மூவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மஸ்கட் வெயில் ஆன்றோ அண்ணனுக்குப் பழகிவிட்டதா? பாப்பாவைப் பள்ளியில் சேர்த்துவிட்டாயா? இங்கே பீம்ராவுக்கு ராயபுரத்துக்கு மாற்றல். பஸ்ஸிலேயே பாதி உயிர் போய்விடுகிறது என்று தினமும் வீட்டுக்கு வந்ததும் என்னிடம் புலம்புகிறார். இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான். சொல்ல வேண்டியது வேறு. இரண்டு முறை உன்னைக் கூப்பிட்டு, மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

நீ போனபின் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் என்னை விடவில்லை. அறிவியல் வகுப்பில் நீ சொல்லிவந்த அந்தப் பெரிய கதை, ஒன்றுமில்லாததிலிருந்து எல்லாம் உண்டான கதை, பாதியில் நின்றுவிட்டதாம். மீதியைச் சொல்லுங்கள் மிஸ் என்றார்கள். தமிழ் டீச்சருக்கு நட்சத்திரத்தைப் பற்றி என்ன தெரியும்? நீங்களே எழுதுங்கள் என்று கட்டுரையாகக் கொடுத்தேன். 'பிரபஞ்சம் தொடங்கி எங்கள் தெரு வரை' என்று தலைப்பு. நம் தலைமையாசிரியர் அலெக்ஸாண்டர் சார் மாதத்துக்கு ஒரு நற்பண்பைப் பலகையில் எழுதி, மொழிப் பாடத்தோடு சேர்த்து நடத்தச் சொல்வாரே, அந்த மாதப் பண்பு 'உண்மை'. அதனால் ஒரே ஒரு விதி வைத்தேன். தெரிந்ததை மட்டும் எழுதுங்கள், தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள்.

பவழக்கொடியை உனக்குத் தெரியும். நெட்டுக்குப்பத்துப் பெண். நம் ரத்தத்திலிருக்கும் இரும்பு நட்சத்திரத்தில் பிறந்தது என்று நீ சொன்ன அன்று, தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று ஸ்டாஃப் ரூமில் வந்து சொன்னாயே, அவள்தான். அவள் அப்பா குணசேகரன் பக்கத்து அனல்மின் ஆலையில் ஒப்பந்தக் கூலி. போன மழைக்காலத்தில் இறந்தார். வீட்டில் நெஞ்சுவலி வந்து இறந்தார் என்றது ஆலை. அதோடு அவள் அம்மா குப்பம்மாவுக்கு கேன்டீனில் ஒரு வேலையும் கொடுத்தது.

அவள் கட்டுரை நட்சத்திரத்தில் தொடங்கி பூமி குளிர்ந்தது, கடல் வந்தது என்று போகிறது. முகத்துவாரத்து இறால் நம்மைவிட மூத்தது என்று ஒரு வரி. பிறகு காடு. கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் மண்ணுக்குள் போன காடு நிலக்கரியானது, கப்பலில் வந்தது, எங்கள் தெருவுக்குப் பின்னால் எரிந்து சாம்பலானது. கடைசியில் இப்படி எழுதியிருந்தாள்: 'சாம்பல் தொட்டியைச் சுத்தம் பண்ண நைனா உள்ளே இறங்கியபோது அந்தக் காடு நைனா மேல் சரிந்தது. அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது.'

நைனா என்பதைத் தந்தை என்று திருத்த எனக்கு மனம் வரவில்லை. முழு மதிப்பெண் போட்டு, மற்றக் கட்டுரைகளோடு சுவரில் ஒட்டினேன்.

ஆலை கட்டிக்கொடுத்த புது வகுப்பறைக்குத் திறப்பு விழா வந்தது. வந்த மேலாளர் சுவர் முன்னால் நின்று ஒவ்வொன்றாகப் படித்தார். பவழக்கொடியின் கட்டுரையை போனில் படம் எடுத்துக்கொண்டார். முகத்தில் கோபம்கூட இல்லை. அந்த வாரமே கேன்டீனில் ஆள் குறைப்பு என்று குப்பம்மாவை நிறுத்திவிட்டார்கள்.

பிறகு அலெக்ஸாண்டர் சார் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். கட்டுரையில் வந்த சம்பவம் நடக்கவில்லை என்று அவள் எழுதித்தர வேண்டுமாம், அப்படித் தந்தால் அம்மாவுக்கு வேலை திரும்பக் கிடைக்குமாம். நீங்கள் வாசகத்தைச் சொல்லுங்கள் டீச்சர், பிழையில்லாமல் இருக்கட்டும் என்றார். என்னால் முடியாது சார் என்றேன். அவரே சொல்லத் தொடங்கினார். அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன், அவரும் எங்கள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். நடுவில் அவள் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பொய்யின்னு எழுதவா மிஸ், கற்பனைன்னு எழுதவா?"

நான் சாரைப் பார்த்தேன், ஜெஸ்லின். "கற்பனைன்னே எழுதும்மா, அது நல்ல வார்த்தை" என்றார் சார். எழுதினாள். ஒற்றுப்பிழைகூட இல்லை.

வேலை திரும்பக் கிடைக்கவில்லை. பவழக்கொடி மறுநாளிலிருந்து பள்ளிக்கு வருவதில்லை. இறால் உரிக்கும் ஷெட்டில் இருக்கிறாள். போய்ப் பார்த்தேன். ஐஸ் தண்ணீரில் விரல்கள் வெளுத்துக் கிடந்தன. திரும்பி வா என்றதற்குச் சிரித்துவிட்டு அடுத்த இறாலை எடுத்தாள். இந்த மாதம் பள்ளிப் பலகையில் 'நன்றி' என்று எழுதியிருக்கிறது. நானும் அதைத்தான் நடத்துகிறேன்.

குப்பம்மா சும்மா இருக்கவில்லை. தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறார். விசாரணையன்று நானும் கூடப் போனேன். ஆலைத் தரப்பு அந்தத் தாளை எடுத்து நீட்டியது, மகளே கற்பனை என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்று. வெளியே வந்து குப்பம்மா படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். "அவரு வாயில இருந்த சாம்பல நான்தான டீச்சர் விரல வுட்டு வயிச்சேன். அது இன்னா கற்பன?" என்றார். நான் திரும்ப உள்ளே போய், கட்டுரையை நான் எழுதித் தரவில்லை, அப்படி எழுதச் சொல்லி யாரும் தூண்டவில்லை, அந்தத் தாள்தான் சொல்லச் சொல்ல எழுதியது என்று அதிகாரியிடம் சொன்னேன். சாவை நேரில் பார்த்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். பார்த்தவர் யாராவது வந்தால்தான் வழக்கு நிற்குமாம். கூட இருந்த கூலிகள் யாரும் இப்போது ஊரில் இல்லை. ஐப்பசியில் மறுபடி விசாரணை.

அன்றைய ஷிப்டுக்கு மேற்பார்வை ஆன்றோ அண்ணன் என்பது குப்பம்மாவுக்கும் தெரியும். அவர் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. தொட்டிக்குள் இறங்கித் தன் கையால் குணசேகரனைத் தூக்கியது அண்ணன்தான் என்று மட்டும் சொன்னார். அன்று மதியம் அண்ணன் உன்னை அழைத்துப்போக வந்ததை நான் பார்த்தேன். சட்டை, தலைமுடி, புருவம் எல்லாம் சாம்பல். வண்டியை விட்டு இறங்காமல் கேட் ஓரம் நின்றிருந்தார். காய்ச்சல் என்று சொல்லி நீ கூடப் போனாய். மூன்றே மாதத்தில் ஆலை மூலமாகவே மஸ்கட் வேலை வந்தது.

நான் எதையும் கேட்கவில்லை. அந்த வேலையை நம்பித்தான் நீங்கள் இருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியாதா? இதைப் படித்துவிட்டு நீ என்னோடு பேசாமல் போனாலும் உன்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அண்ணனிடம் ஒரு முறை படித்துக் காட்டு. அன்று பார்த்ததை அங்கிருந்தே எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினாலும் எடுத்துக்கொள்வார்களா என்று விசாரித்துவைத்திருக்கிறேன். எடுத்துக்கொள்வார்களாம்.

பாப்பாவுக்கு என் முத்தங்கள். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும், ஜெஸ்லின். ஆன்றோ அண்ணனுக்கு நல்ல தூக்கம் வர வேண்டும்.

என்றும் உன்,
எழில்மொழி