நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை

நோர்வூட்
2025 ஜூன் 8

லோஜனுக்கு,

நானும் பிள்ளையும் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்டால் சுகம் என்றுதான் எழுதுவீர்கள், அதனால் கேட்கவில்லை.

நான் போனில் பேச மறுப்பதில் உங்களுக்கு வருத்தம் என்று மாமி சொன்னார். போனில் உங்கள் குரல் என்னை எப்போதும் ஏமாற்றியிருக்கிறது. பிள்ளையின் தோடு காணாமல் போன அன்றும், அந்தக் குரலில்தான் அலுமாரியை நன்றாகத் தேடச் சொன்னீர்கள். எழுத்தில் பொய் சொல்வது கொஞ்சம் சிரமம். எழுதுங்கள்.

வைத்தியத்துக்குக் கொழும்பில் மாதக்கணக்கில் புனர்வாழ்வு முகாமில் இருக்க வேண்டும் என்றார்கள். கண்டிக்கு அடிக்கடி போய்வர முடியாது என்றீர்கள். நான் விசாரிக்காத இடமில்லை. இப்போது திடீரென்று, நுவரெலியாவிலேயே ஒரு கிளினிக்கில் ஹெரோயின் தூளை விட்டுவிட மாத்திரை தருகிறார்கள் என்கிறீர்கள். இவ்வளவு பக்கத்தில் இருந்தால் நமக்கு ஏன் இத்தனை நாள் தெரியவில்லை? அந்த மாத்திரையும் தூளுக்கு உறவுதான் என்று படித்தேன். ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடித்துக்கொள்வதற்குப் பெயர் வைத்தியமா?

ஜீவராணி

~

ராகலை
ஜூன் 15

அன்பு ராணிக்கு,

உன் கடிதம் அடி வாங்கியது போல இருந்தது. ஆனாலும் உன் கையெழுத்து, திரும்பவும் படித்தேன்.

தெரியாமல் போனதற்குக் காரணம், அங்கே வாசலில் போர்ட் கிடையாது. காய்ச்சல் என்று இங்கே டொக்டரிடம் போனேன். அவர் என் கை நடுக்கத்தைப் பார்த்துவிட்டு, அந்த இடத்தை மெதுவாகச் சொன்னார். மனநல கிளினிக் வரிசையில் நிற்க வேண்டும். நம் ஆட்கள் பார்த்தால் பைத்தியம் என்பார்கள். தூள்காரன் என்பதைவிட அது மேல்.

மாத்திரையை விழுங்கக் கூடாது. நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விட வேண்டும். அதுவரை பேச்சும் இல்லை. நர்ஸ் மிஸ் எதிரிலேயே உட்கார்ந்து பார்ப்பார். ஒருநாள், "வீட்டுலயும் இப்படி வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா பொண்டாட்டி தொரத்தியிருக்க மாட்டாங்க" என்றார். எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை.

நடுக்கம் நின்றுவிட்டது. தூக்கம் வருகிறது. அடுத்த வாரத்திலிருந்து மாத்திரையை வீட்டுக்கே தருவார்கள். இப்படியே போனால் நோர்வூட்டுக்கு வரலாமா?

லோஜன்

~

நோர்வூட்
ஜூலை 6

லோஜனுக்கு,

வரலாம் என்று எழுதி வைத்திருந்த கடிதத்தைக் கிழித்துவிட்டேன். காரணம் இது.

உங்கள் பஜாரில் கடை வைத்திருக்கும், எனக்கு அண்ணன் மாதிரியான சரிபுதீன் நானாவிடம், உங்களைக் கவனித்துச் சொல்லும்படி நான்தான் கேட்டிருந்தேன். அதற்கு வெட்கப்படவில்லை. நேற்று போன் எடுத்தார். "தங்கச்சி, ஒங்க மாப்புள வேர்த்து வேர்த்து நடுங்குறாரு. மூக்கு ஒழுகுது. அந்த ஜீவராஜோட பஸ் ஸ்டாண்டுல நின்னு பேசிக்கிட்டு இருந்தாரு" என்றார். ஜீவராஜ்! உங்களுக்கு முதல் பொட்டலம் கொடுத்தவன்.

மிஸ் பார்க்க மாத்திரை போட்டவரை நடுக்கம் இல்லை. வீட்டுக்குத் தந்த பிறகு வருகிறது. ஒன்று, அதை அவனுக்கு விற்கிறீர்கள். அல்லது பழையபடி தூள் எடுக்கிறீர்கள். எது என்று மட்டும் எழுதுங்கள்.

ஜீவராணி

~

ராகலை
ஜூலை 12

ராணி,

இரண்டும் இல்லை. ஒவ்வொரு காலையும் அம்மாவின் முன்னால்தான் மாத்திரை போடுகிறேன். ஆனாலும் நடுங்குகிறது. ஏன் என்று எனக்கே தெரியவில்லை. கிளினிக்கில் சொன்னால் நீ நினைப்பதையே அவர்களும் நினைத்து, மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று பயம்.

ஜீவராஜ் தானாகத் தேடி வந்தான். "மாத்திரையெல்லாம் சும்மா மச்சான். ஒன் ஒடம்பு என்னா கேக்குதுனு எனக்குத் தெரியும், வா" என்றான். போகவில்லை. நாளைக்கும் போக மாட்டேன் என்று எழுத முடியவில்லை.

நம்புவதாக இருந்தால் இப்போது நம்பு.

லோஜன்

~

நோர்வூட்
ஜூலை 18

லோஜனுக்கு,

நம்பவில்லை. நேற்று லீவு போட்டுக்கொண்டு நுவரெலியாவுக்குப் போனேன். மருந்தை விற்கிறார், கொடுக்காதீர்கள் என்று சொல்லத்தான் போனேன். சொன்னேன்.

மிஸ், "வீட்டுல எப்படிப் போடுறாரு? நீங்க பார்த்தீங்களா?" என்று கேட்டார். நான் பார்க்கவில்லை; உங்கள் அம்மாவின் முன்னால் என்றுதானே எழுதியிருந்தீர்கள். அங்கிருந்தே மாமிக்குப் போன் எடுத்தேன்.

"வாயில வைக்க முடியல, அம்புட்டுக் கசப்பும்மா. புள்ள மூஞ்சியப் பார்க்க சகிக்கல. நாக்குக்கு அடியில வச்சதும் சுடச்சுட பிளேன்டீ குடுத்துருவேன். சூட்டுக்கு வெரசா கரைஞ்சிரும்ல?"

மிஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். தேநீரோடு வயிற்றுக்குள் போனால் அந்த மாத்திரையால் பெரிதாகப் பயனில்லையாம். நாக்குக்கு அடியிலிருந்தே இரத்தத்தில் சேர வேண்டுமாம். மாமியைத் திட்டாதீர்கள். நம் தோட்டத்து லயங்களில் எந்த மாத்திரையைப் பிளேன்டீ இல்லாமல் கொடுத்திருக்கிறோம்?

உடனே கிளினிக்குக்குப் போங்கள். இனி மாத்திரையை வீட்டில் ஒருவர் பொறுப்பாக வைத்திருந்து கொடுக்க வேண்டுமாம். என் பெயரைக் கொடுத்துவிட்டு இங்கே வந்துவிடுங்கள்.

ஜீவராணி

~

ராகலை
ஆகஸ்ட் 3

அன்பு ராணிக்கு,

தேநீரை நிறுத்தியதும் நடுக்கம் போய்விட்டது. அம்மாதான் அழுதுகொண்டே இருந்தார், இப்போது தேறிவிட்டார்.

பொறுப்புக்கு யார் என்று கேட்டார்கள். அம்மாவின் பெயரைக் கொடுத்தேன்.

கிளினிக்கில் என்ன சொல்லப் போனாய் என்பதை நீ மறைக்காமல் எழுதியது பெரிய விஷயம். ஆனால் உன் பேச்சைக் கேட்டு அன்று மருந்தை நிறுத்தியிருந்தால், சாயந்தரமே நான் ஜீவராஜிடம் போயிருப்பேன். அம்மா செய்தது தப்புத்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு அந்தத் தப்பைச் செய்தார். அங்கே வந்தால், நான் தும்மினாலும், தூள் எடுத்தேனா என்று நீ என் கண்ணைப் பார்ப்பாய். அப்படி உன்னைப் பார்க்க வைத்தவன் நான்தான். அதைத் தாங்கும் பலம் இன்னும் வரவில்லை.

நான் கூப்பிடும்வரை நீயும் இங்கே வராதே. பிள்ளைக்கு என் முத்தம்.

லோஜன்

~

நோர்வூட்
ஆகஸ்ட் 9

அன்புள்ள லோஜனுக்கு,

கோபம் வந்தது. உங்கள் கடிதங்களையெல்லாம் எடுத்து, எங்கே பொய் எழுதியிருக்கிறீர்கள் என்று வரி வரியாகத் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. அப்போதும் நிம்மதி வரவில்லை. இன்னொரு தரம் தேடலாமா என்றிருந்தது. நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று அப்போதுதான் விளங்கியது.

நேற்று சரிபுதீன் நானாவுக்குப் போன் எடுத்து, இனி உங்களைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம் என்றேன்.

"நல்ல சேதி இருந்தாலும் வாணாமா தங்கச்சி?" என்றார்.

வேண்டாம் என்றேன். இனி உங்களைப் பற்றி எனக்கு, நீங்கள் எழுதுவது மட்டும்தான் தெரியும்.

உங்கள்
ஜீவராணி