குண்டனுக்கு எந்த ஆயில்

செப். 8, செவ்வாய்

காலையிலிருந்து புகைமூட்டம். சூரியன் முட்டைக் கரு போல. காயப்போட்ட சட்டையெல்லாம் கருகல் வாசம்.

ஏழு மணிக்கே சுரேன் போன். என் மனைவி யோகேஸின் தம்பி.

"மச்சான், சனிக்கிழமை டெங்கில் டவுன் பக்கம் கல்யாண வீடு. மூணு கூடாரம், எரநூறு நாக்காலி. வாடகை லோரிக்காரன் கடைசி நேரத்துல கைவிரிச்சிட்டான் லா. அக்கா வண்டிய எடுப்போமா?"

"ஆயில் மாத்தணும்."

"மாத்துங்க."

"எந்த ஆயில்னு பாக்கணும்."

"அலாமா! ஆயில் ஆயில்தானே மச்சான்?"

இல்லை. ஆயில் ஆயில் இல்லை. இதை நான் திருமணமான புதிதிலேயே அந்தக் குடும்பத்துக்கு விளக்கியிருக்கிறேன்.

வண்டியின் நிலை:
- பழைய டீசல் பிக்கப். யோ. வைத்த பெயர் குண்டன்.
- ஓட்டம் 217,960 கி.மீ.
- எட்டு மாதமாக வாசலில். ஞாயிறுதோறும் பத்து நிமிடம் ஸ்டார்ட் மட்டும். எஞ்சின் முழுச் சூடு ஆகாமல் அணைத்தால் ஆயிலில் ஈரம் சேரும். தெரியும். இருந்தும் அதைத்தான் செய்கிறேன்.
- கண்ணாடி மூலையில் ஸ்டிக்கர். 'அடுத்த ஆயில் 218,500'. யோ. கையெழுத்து. இரண்டு பூஜ்யச் சுழிக்குள்ளும் கண், மூக்கு, சிரிப்பு.

இன்னும் 540 கி.மீ. பாக்கி என்று சுரேனிடம் சொன்னேன். "மச்சான், எட்டு மாசமாச்சு" என்றான்.

எட்டு மாதம்தான். யோ.வுக்கு டிங்கிக் கொசுக் காய்ச்சல், ஆறு நாள். ஏழாவது நாள் எங்கள் வாசலில் நின்றது அவளுடைய சொந்தக் கூடாரம். சுரேன்தான் கட்டினான்.

வாங்க வேண்டியது: சலவைத் தூள், பல்பு, வெங்காயம்.

செப். 9, புதன்

புகை சற்றுக் குறைவு. ரயில் பன்னிரண்டு நிமிடம் தாமதம். பிரிக்ஃபீல்ட்ஸில் நான் பராமரிக்கும் கட்டடத்தின் இரண்டாவது குளிர்சாதன இயந்திரம் காலையிலேயே மக்கர். வால்வு. பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டேன். வேலை இடத்தில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது.

ஆயில் பட்டியல், இதுவரை:
1. 5W-30, முழு சிந்தெடிக். மெல்லியது. சார்ட்படி இதுதான்.
2. 10W-30. எதிலும் சேராதது.
3. 10W-40, பாதி சிந்தெடிக். எல்லாரும் 'போதும் லா' என்பது.
4. 15W-40, சாதா மினரல். தடிப்பு. லோரிக்காரர்கள் டிரம்மிலிருந்து ஊற்றுவது.

சார்ட் என்பது நான் வரைந்தது. திருமணமான முதல் வருடம். வெப்பநிலை, பாரம், ஆயில் வகை, எல்லாம் கட்டம் போட்டு, வண்ணம் கொடுத்து, பிளாஸ்டிக் உறை ஒட்டி, ஸ்டோர் சுவரில். கூடாரத் தொழில் அவளுடையது, வண்டி அவளுடையது, ஆயில் மாற்றுவதும் அவள். அதில் என் பங்கு அந்தச் சார்ட் மட்டும். ஒவ்வொரு முறையும் 5W-30 கட்டத்தில் தேதி எழுதி டிக் போடுவாள். மொத்தம் ஒன்பது டிக்.

மதியம் வாழை இலைச் சாப்பாடு, கூட வேலை செய்யும் பிரபாகருடன். திருச்சிக்காரன், வேலை பெர்மிட்டில் வந்து இரண்டு வருடம். பட்டியலைக் காட்டினேன்.

"சார், ஒரு ஆயிலுக்கா இவ்வளவு? எங்க ஊர்ல கல்யாணத்துக்குப் பொண்ணே இவ்வளவு பார்க்க மாட்டாங்க சார்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். முகம் செத்துவிட்டது. நான் ரசம் கேட்டேன். பிறகு அவனுக்கும் சேர்த்து அப்பளம் கேட்டேன். எனக்குச் சிரிப்புத்தான் வந்திருக்க வேண்டும், நல்ல ஜோக். பாதி வழி வந்து நின்றுவிட்டது.

ரயிலில் யோசித்தது: பட்டியலில் எழுதாத ஒன்று உண்டு. குண்டனுக்குள் இப்போது இருப்பது யோ. ஊற்றிய ஆயில். திருகாணியைக் கழற்றினால் அது போய்விடும். ஏழு லிட்டர். சனிக்கிழமைக்குள் கழற்ற வேண்டும்.

பல்பு மறந்துவிட்டேன்.

செப். 10, வியாழன்

நல்ல மழை, நாலு மணிக்கு. புகை கழுவிப் போனது. கிள்ளான் ஸ்டேஷனிலிருந்து நனைந்தேன். பிடித்திருந்தது.

வழியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. சார்ட்டே ஜெயித்தது. 5W-30, ஏழு லிட்டர். கடைக்காரர், "பாஸ், பழைய டீசலுக்கு இவ்ளோ மெல்லிசாவா?" என்றார். விளக்கினேன். எனக்குப் பின்னால் வரிசை நீண்டுவிட்டது. "சரி பாஸ், நீங்க சொன்னா சரி" என்றார்.

ஸ்டோரில் யோ.வின் ஆயில் டின்னும் இருக்கிறது. அதே 5W-30 லேபிள், பாதி மிச்சம். கலக்கலாமா என்று பார்க்கப் பரிசோதனை. ஒரே புனல், ஒரே அளவு, ஸ்டாப்வாட்ச்:

புதியது: 31 வினாடி.
யோ. டின்: 52 வினாடி.

மறுபடியும். 31. 53.

லேபிள் ஒன்று. உள்ளே இருப்பது வேறு. எனக்கு ஒரே ஒரு விளக்கம்தான் தோன்றியது. போலி ஆயில். நாலு வருடமாக யாரோ அவளை ஏமாற்றி விற்றிருக்கிறார்கள். யாரோ என்ன, ஆ சோங் அங்கிள்தான். அவர் ஒர்க்‌ஷாப்பைத் தவிர அவள் வேறு எங்கும் போனதில்லை.

கோபம் வந்தது. எட்டு மாதத்தில் முதல் தடவை ஏதோ ஒன்று முழுதாக வந்தது. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. என்னென்ன கேட்க வேண்டும் என்று ஆறு கேள்வி எழுதினேன். இரண்டு தட்டுச் சோறு.

செப். 11, வெள்ளி

வெயில். அரை நாள் லீவு. மோட்டார் சைக்கிளில், டின்னை மடியில் வைத்துக்கொண்டு, ஆ சோங் அங்கிள் ஒர்க்‌ஷாப்.

ஆ சோங் அங்கிள் சீனர். தமிழர்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், என்னைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். கால் மட்டும் தெரிந்தது. காலைப் பார்த்தே கேட்டேன்.

"அங்கிள், இது என்ன ஆயில்?"

உருண்டு வெளியே வந்தார். டின்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பதினஞ்சு நாப்பது. என் டிரம்ல புடிச்சது."

"லேபிள்ல அஞ்சு முப்பது போட்டிருக்கு."

"டின்னு அஞ்சு முப்பது. எண்ணெய் பதினஞ்சு நாப்பது."

"அப்போ நாலு வருஷமா என் பொண்டாட்டிய ஏமாத்தியிருக்கீங்க!"

கத்திவிட்டேன். டயர் மாற்ற வந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அங்கிள் உட்கார்ந்தபடியே சிரிக்கத் தொடங்கினார். அப்படி ஒரு சிரிப்பு. உள்ளேயிருந்து ஆன்டி எட்டிப் பார்த்து சீன மொழியில் ஏதோ கேட்க, இவர் பதில் சொல்ல, அந்த அம்மாவும் சிரிப்பு.

"தம்பி. அந்தப் பொண்ண எவனும் ஏமாத்த முடியாது. ஏமாந்தது நீ."

பிறகு சொன்னார். முதல் வருடம் என் சார்ட்படி ஊற்றியிருக்கிறாள். எஞ்சினில் டக்கடக்கடக்கென்று சத்தம். பின் பக்கத்து சீலில் கசிவு. பழைய எஞ்சின், தேய்ந்து உள்ளே இடைவெளி அதிகம், மெல்லிய ஆயில் நிற்கவில்லை. இரண்டு பேரும் பேசி 15W-40க்கு மாறியிருக்கிறார்கள். சத்தம் நின்றது, கசிவும் நின்றது.

"சொல்லிடும்மான்னேன். 'வேணாம் அங்கிள், பாவம், ரெண்டு நாள் உக்காந்து கோடு போட்டு, கலர் அடிச்சு, பிளாஸ்டிக் எல்லாம் ஒட்டியிருக்காரு. அந்த எண்ணெய் அவர் படிப்புக்கு, இந்த எண்ணெய் நம்ம குண்டனுக்கு'ன்னுச்சு. ஒவ்வொரு தடவையும் இதே காலி டின்ன தூக்கிட்டு வரும். மிச்சத்த இதுல புடிச்சிக் குடுப்பேன். நீ பாக்கணுமாம்."

ஒன்பது டிக்.

"அப்போ எஞ்சினுக்கு அடியில விரிக்கிற அட்டை?"

"என்ன அட்டை?"

"பக்கத்து வீட்டுப் பூனை படுக்கன்னு போடுவா."

"பூனையாவது! கசிவு விழுதான்னு பாக்கத்தான் தம்பி. நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

பூனை உண்மையிலேயே அதில் படுக்கும். நான் அதற்குப் பால் வேறு வைத்திருக்கிறேன்.

ஆறு கேள்வித் தாள் பையிலேயே இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். "கத்துனது நல்லது. ஆள் இருக்கியான்னு பாத்தேன்" என்றார்.

திரும்பும்போது பாலத்துக்கு முன்னால் சிவப்பு விளக்கு. அங்கே பிடித்தது சிரிப்பு. புதன்கிழமை ஜோக்கும் சேர்ந்து வந்தது போல. ஹெல்மெட்டுக்குள் தனியாக, கண்ணாடியில் ஆவி படிய, மூக்கு ஒழுக. பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன். "ஹோய் பாஸ்! தூக்கமா?" நகர்ந்தேன். மறுபடியும் சிரிப்பு.

என் டிப்ளோமா, என் கட்டங்கள், என் வண்ணங்கள். கிள்ளானில் பனி பெய்யும் வாய்ப்பு: பூஜ்யம். இந்த வெக்கையில் குளிர்நாட்டுக்கான 5W எதற்கு? இதை எந்த முட்டாளும் கேட்டிருப்பான்.

மாலை நாலரை. குண்டனை நானே ஓட்டிக்கொண்டு ஆ சோங் அங்கிளிடம். எட்டு மாதத்துக்குப் பின் முதல் முறை சாலையில். சீட் அவள் உயரத்துக்கு முன்னால் இருந்தது, முழங்கால் இடித்தது. தள்ளவில்லை. ஐந்து கி.மீ. இடித்துக்கொண்டே போனேன். அங்கே போனதும் தள்ளினேன்.

திருகாணியை நான் கழற்றினேன். சூடாக, கறுப்பாக, ஒரே கயிறாக விழுந்தது. பிறகு நூல். பிறகு சொட்டு.

"அவசரம் இல்ல தம்பி. கடைசிச் சொட்டு வரைக்கும் விழட்டும்."

பன்னிரண்டு நிமிடம். என்னவோ ஆகும் என்று பயந்திருந்தேன். ஆகவில்லை. பசித்தது. ஆன்டி ஆவியில் வெந்த சீன ரொட்டி, பாவ், சூடாக இரண்டு கொடுத்தார், கை கழுவாமலே தின்றேன்.

டிரம்மிலிருந்து 15W-40, ஏழு லிட்டர். டின்னிலும் கொஞ்சம் பிடித்துக்கொண்டேன், அங்கிள் கேட்காமலே புனலை நீட்டினார். ஸ்டிக்கருக்குப் பேனாவையும் நீட்டினார். "இது எப்பவும் பொண்ணுதான் எழுதும்." எழுதினேன். என் சுழிகளில் சிரிப்புப் போட்டுப் பார்த்தேன், இரண்டும் வயிற்றுவலிக்காரர்கள் மாதிரி. பழைய ஸ்டிக்கரைக் கிழிக்கவில்லை. பக்கத்தில் ஒட்டினேன்.

வாங்கிய 5W-30 சுரேன் காருக்கு.

செப். 12, சனி

மேகம், மழை இல்லை. ஐந்தரைக்கு எழுந்து சுரேனும் நானும் பாரம் ஏற்றினோம். குழாய், துணி, கயிறு, நாற்காலி. நாற்காலிக்கு இன்னொரு நடை.

பூச்சோங் தாண்டும்வரை ரேடியோ போடவில்லை, எஞ்சினைக் கேட்டுக்கொண்டே வந்தேன். டக்கடக்கடக் இல்லை. சமாதானமான, கனத்த சத்தம்.

சுரேன்: "என்ன ஆயில் மச்சான் கடைசியில?"

"அக்கா ஆயில்."

கதையைச் சொன்னேன். அவன் வாயைப் பொத்திக்கொண்டான். அவனுக்கும் முன்பே தெரியும்! "சத்தியம் வாங்கிட்டா மச்சான். 'அவர்கிட்ட மூச்சு விட்டே, வண்டிச் சாவிய மறந்துடு'ன்னா."

அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. குண்டனுக்கும்கூட.

கல்யாண வீட்டு அக்கா ஒருவர் கேட்டார்: "கூடாரம் யாரோடது தம்பி?"

"யோகேஸோடது" என்றேன். சுரேன் அந்தப் பக்கம் திரும்பிக் கயிறு இழுத்தான். ரொம்ப நேரம் அதே கயிற்றை இழுத்தான்.

மூன்று கூடாரம், ஒன்றும் சாயவில்லை. பாயசம் இரண்டு கப். அடுத்த மாதம் கம்போங் மேடானில் ஒரு காதுகுத்து, அதற்கும் கூடாரம் வேண்டுமென்று அங்கேயே பேசி முடித்தார்கள். சுரேன் என்னைப் பார்த்தான். "வண்டி இருக்கு" என்றேன்.

செப். 13, ஞாயிறு

வெயில். துணி காய்ந்துவிட்டது.

டிப்ஸ்டிக்: சரியான அளவு.
அட்டை: ஒரு சொட்டும் இல்லை. பூனை மட்டும்.
பல்பு: மாட்டியாயிற்று.

ஸ்டோரில் விளக்கைப் போட்டு சார்ட் முன்னால் கொஞ்ச நேரம். ஒன்பது தேதி, ஒன்பது டிக், வரிசை பிசகாமல். 15W-40 கட்டம் சுத்தமாக இருக்கிறது, ஒரு புள்ளிகூட இல்லை.

தேதி எழுதினேன். 5W-30 கட்டத்தில் டிக். பத்து.