வழியை அடைத்த படம்

ரிச்சர்ட்ஸ் பே,
நவம்பர் 14

அன்பு மகன் ரைனார்ட்டுக்கு அம்மா எழுதுவது.

கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் நலம். நீ எந்த அலைமேல் இருந்தாலும் அங்கே நலமாக இரு. படகுக்கு எழுதும் மின்னஞ்சல் பத்து வரியைத் தாண்டக் கூடாது, படம் கூடவே கூடாது என்று ரீயூனியன் தீவிலிருந்து வீட்டுக்குப் பாய் விரித்துக் கிளம்பும்போது சொன்னாய். இன்றைக்கு மட்டும் நீளும், பொறுத்துக்கொள். வெறும் எழுத்துக்குக் கனமில்லை என்று, படகுக்கு மின்னஞ்சல் அனுப்பித் தரும் அஞ்சல் சேவைக்காரர்களிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. சாயங்காலம் ஐந்து மணியானால் ரேடியோ முன்னால் உட்கார்ந்துவிடுகிறார். ஃபான் மாமா வழக்கம்போல் கரையிலிருந்து, கடலில் இருக்கிற படகுகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, எங்கே இருக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு, நாளைய காற்றைச் சொல்கிறார். ‘ஆல்பினா, ஆல்பினா’ என்று உன் படகையும் கூப்பிடுகிறார். பிறகு ஒரு நிமிடம் உன் பதிலுக்காக அலைவரிசையைக் காலியாக விடுகிறார். மற்றப் படகுக்காரர்களும் உனக்காகக் காத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை அவர் அப்பாவிடம், “கெரிட், பேரை எடுத்துரலாமாப்பா? கேக்குறவங்களுக்கும் மனசு தாங்கல” என்றாராம். “உனக்குத் தொண்டை வலிச்சா சொல்லு, நான் வந்து கூப்பிடறேன்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார் உன் அப்பா. அன்றிலிருந்து ஃபான் மாமா மூன்று தடவை கூப்பிடுகிறார்.

பக்கத்து வீட்டு எல்சபே பாத்திரம் நிறையக் கறி கொண்டுவந்து வைத்தாள். சாவு வீட்டுக்குத்தான் இப்படிக் கொண்டுவருவார்கள். சூடு ஆறுவதற்குள் திருப்பிக் கொடுத்தேன். அவள் முகம் சுருங்கிப்போயிற்று, பாவம்.

தேடும் விமானம் மூன்று நாள் போய் வந்தது. “ஒண்ணும் கிடைக்கலைன்னா கெட்ட செய்தின்னு அர்த்தமில்லம்மா” என்றார் கடல் மீட்பு அதிகாரி. நல்ல மனுஷன். அந்தப் பக்கம் போகிற கப்பல்களுக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்களாம்.

இனி, இத்தனை நாள் எழுதாததை எழுதுகிறேன். அக்டோபர் 28 உன் பிறந்தநாள். பால் டார்ட் செய்தேன். நீ வாங்கித் தந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு அப்பா அதை வெட்டினார். என் புத்தி எங்கே மேயப் போயிற்றோ, ஒரே ஒரு படம்தானே என்று அதை எடுத்து உனக்கு அனுப்பிவிட்டேன். மறுநாள் காலை செயற்கைக்கோள் போனில் கூப்பிட்டாய். “என்னத்தம்மா அனுப்பித் தொலைச்ச? ராத்திரிலேர்ந்து முழுசா இறங்காம பாதியிலயே நிக்குது. வானிலை அறிக்கை அதுக்குப் பின்னால மாட்டிக்கிட்டு இருக்கு. அப்பா எழுதி வெச்சிருப்பாரே, அந்தக் காத்த மட்டும் படிச்சுச் சொல்லு” என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய்.

நான் அழுதேன். மன்னிச்சுக்கோடா என்றேன். சாப்பிட்டியா, ரஸ்க் தீந்துபோச்சா என்றேன். லைன் அறுந்துவிட்டது. நாளைக்குத் தென்மேற்குக் காற்று என்று அப்பா எழுதிய தாள் என் முன்னாலேயே மேசைமேல் இருந்தது.

நீரோட்டத்துக்கு எதிரே அந்தக் காற்று அடித்தால் அலை எப்படிச் சுவராக எழும்பும் என்று, இழுவைப் படகில் முப்பது வருடம் இருந்தவரின் பெண்டாட்டிக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும் ரைனார்ட். நீ காற்றைக் கேட்டாய் என்று அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. “உங்க பிள்ளை சந்தோஷமாப் பேசினான்” என்று மட்டும் சொன்னேன். அதையே தினமும் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்கிறார். ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன். நீ வந்து அவர் எதிரிலேயே என்னைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

அஞ்சல் சேவைக்காரர்களிடம் படத்தை அழிக்கச் சொன்னேன், அழித்துவிட்டார்கள். உன் வழியில் இப்போது ஒன்றுமில்லை. நீ இன்னும் இறக்கிக்கொள்ளாத கடிதங்கள் எத்தனை என்று அஞ்சல் சேவைக்காரப் பெண்ணுக்குத் திரையில் தெரியுமாம். இன்று காலை பதினான்கு. இதையும் சேர்த்தால் பதினைந்து.

பதில் வேண்டாம். கோபம் இருந்தால் இருக்கட்டும். முதலில் வானிலையை எடு. அப்புறம் என் கடிதங்களில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள், படிக்காவிட்டாலும் பரவாயில்லை. நாளைக் காலை நான் கேட்கும்போது அவள் பதினைந்து என்று சொல்லாமல் பதினாலு என்று சொல்லட்டும்.

கர்த்தர் உன்னைத் தம் உள்ளங்கையில் வைத்திருக்கட்டும்.

உன் அம்மா,
ஹெஸ்டர்