பார்க்கும் காரணம்

மார்ச் 4, செவ்வாய்

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. நல்ல நாள்தான் போல என்று நினைத்துக்கொண்டு ஆபீஸுக்குள் நுழைந்தேன். அதோடு சரி.

எங்கள் இன்சூரன்ஸ் கம்பெனியின் மெயின்ஃப்ரேமில், அதாவது எல்லாக் கணக்கும் ஓடும் பெரிய கம்ப்யூட்டரில், புது மென்பொருள் ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். யார் எந்தத் திரையில் என்ன செய்தாலும் பதிவு செய்துவிடும். தணிக்கைக்காரர்கள் பிறகு படம் பார்ப்பதுபோல ஓட்டிப் பார்க்கலாம். அதற்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். "கூட வந்த கையேட்டை யாராவது புரட்டினீங்களா?" என்று மேலாளர் கேட்டார். சின்னவள் கை தூக்கினாள். முழுசும் படித்துவிட்டாளாம்!

சின்னவள் என் கொழுந்தனாரின் மனைவி. அவளை இங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். யாரைச் சொல்லி நோக?

மார்ச் 6

பொறுப்பாளர் யார் என்பது மாதக் கடைசியில் முடிவாகும். அதுவரை தற்காலிகமாகச் சின்னவள். பதினாலு வருஷமா இந்த மெஷினோட குடித்தனம் நடத்துறவ நான்!

மார்ச் 9, ஞாயிறு

மாமியார் வீட்டில் சாப்பாடு. "சின்னவ படிச்சே பெரிய ஆளாயிட்டா" என்று அத்தைக்கு ஒரே பூரிப்பு. என் தட்டு காலியாக இருந்தது அவர் கண்ணில் படவில்லை. என் வீட்டுக்காரர் வேறு "ஆமாம்மா" என்று தலையாட்டுகிறார். திரும்பி வரும் வழியெல்லாம் அவரோடு நான் பேசவில்லை. அதை அவர் கவனிக்கவும் இல்லை.

மார்ச் 12

கையேட்டை நானும் எடுத்தேன். முழுசையும் யார் படிப்பது? பதிவை ஓட்டிப் பார்ப்பது எப்படி என்ற அத்தியாயம் மட்டும். வேலையில் மூத்தவள் என்பதால் எனக்கு அந்த அனுமதி உண்டு. சின்னவள் நேற்றுச் செய்த வேலையை ஓட்டினேன். தப்பான திரைக்குப் போகிறாள், உதவிப் பக்கத்தைத் தேடுகிறாள், மறுபடியும் தப்பாகப் போகிறாள். ஆஹா, மனசுக்கு என்ன சுகம்!

ஓட்டுவதற்கு முன் 'பார்க்கும் காரணம்' என்று ஒரு கட்டம். நிரப்பாமல் உள்ளே விடாது. 'வழக்கமான சரிபார்ப்பு' என்று போட்டேன்.

மார்ச் 14

தினமும் பார்க்கிறேன். கூடவே ஒரு விளையாட்டும் சேர்ந்துகொண்டது. எண்டர் அழுத்தினால்தான் அடித்தது மெஷினுக்குப் போகும், பதிவாகும். அதற்கு முன் அழித்துவிட்டால் சுவடே இருக்காது. அதனால் காரணத்தில் முதலில் உண்மையை அடிப்பேன்: 'இவள் எங்கே சறுக்குகிறாள் என்று பார்க்க.' ஒரு நிமிஷம் ரசிப்பேன், அழிப்பேன். அப்புறம் யோக்கியமான காரணம்.

மார்ச் 18

ஐயோ. அழிக்கறதுக்கு முன்னாடியே எண்டர் அழுத்திட்டேன். போன் அடிச்சுது, திரும்பினேன், கை பாட்டுக்கு — போச்சு. மானம் போச்சு.

மார்ச் 20

அழிக்க வழி இருக்கிறதா என்று கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்து முடித்தேன். இல்லை. பார்க்கிறவரையும் பதிவு செய்யுமாம். யார், யாரை, என்ன காரணத்துக்காகப் பார்த்தார் என்று வாராவாரம் பொறுப்பாளருக்கு அறிக்கை போகுமாம். அதாவது சின்னவளுக்கு! வரியை அழிக்க முடியாது, கீழே விளக்கம் சேர்க்கலாம். அவ்வளவுதான்.

இப்ப படிச்சு என்ன புண்ணியம்?

மார்ச் 24, திங்கள்

"அக்கா, ஒரு நிமிஷம்" என்று சின்னவள் கூப்பிட்டாள். அவள் திரையில் என் வரி. அதற்குக் கீழே விளக்கம் அடித்து வைத்திருந்தாள்: 'பயிற்சிக்காக நான்தான் இப்படிச் செய்யச் சொன்னேன்.' இன்னும் அனுப்பவில்லை.

"அனுப்பிடட்டுமாக்கா? வீட்ல யாருக்கும் தெரிய வேணாம்."

நன்றி தோன்றியிருக்க வேண்டும். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. பெருந்தன்மையிலும் இவளா முந்தணும்?

அப்புறம்தான் ஒன்பதாம் அத்தியாயம் நினைவுக்கு வந்தது. நிஜப் பதிவுகளைப் பயிற்சிக்குக் கொடுக்கக் கூடாது. கொடுத்தவர் பொறுப்பாளராக நீடிக்க முடியாது. அவள் அழுத்தினால் என் மானமும் தப்பும், பதவியும் எனக்கே வரும். நான் சும்மா நின்றாலே போதும்.

நின்றேன். மறைக்க என்ன இருக்கிறது, கொஞ்ச நேரம் நின்றேன்தான்.

"ஒன்பதாவது அத்தியாயம் படிச்சியாடி?"

"படிச்சேன்க்கா."

"அப்புறம்?"

"என்னைச் சேத்துவிட்டது நீங்கதானே" என்றாள். கீபோர்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் கையைத் தள்ளிவிட்டு ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். என் இடத்துக்கு வந்து, என் பெயரில் விளக்கம் எழுதினேன்: 'பொறாமை. வேறு யாருக்கும் இதில் சம்பந்தம் இல்லை.' இந்த முறை தெரிந்தேதான் எண்டர் அழுத்தினேன்.

மார்ச் 25

மேலாளர் அறையில் அரை மணி நேரம். எழுதப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 2

சின்னவள்தான் பொறுப்பாளர். நேற்றே அறிவித்துவிட்டார்கள். அத்தை போன் பண்ணி எனக்கே அந்தச் செய்தியைச் சொன்னார்!

அவள் போட்ட முதல் உத்தரவு, என் பார்க்கும் அனுமதியை எடுப்பது. அவளே கொண்டுவந்து கொடுத்தாள். என் முகத்தைப் பார்க்க முடியவில்லை அவளுக்கு.

"ஆறு மாசத்துக்குக்கா. கையேட்டுல அப்படித்தான்..."

"பன்னிரண்டாவது அத்தியாயம். தெரியும்" என்றேன்.

முதலில் சிரித்தது அவள்தான். அதிலும் முந்திக்கொண்டாள்.