ரிசீவரைப் பிடுங்கிய கை

என் அன்பு அத்தை,

நேற்று உங்களுக்குக் கொள்ளி வைத்தது நான்தான். பொம்பளை வைக்கலாமா என்று முணுமுணுத்தவர்களை அப்பா ஒரே பார்வையில் அடக்கிவிட்டார்.

எழுபத்தாறில் உங்கள் மகனைக் கட்டிக்கொண்டு கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா மலையடிவாரத்துத் தாப்பா டவுனிலிருந்து, தோட்டத்துக்குப் பக்கத்து ஊரான கம்போங் ராஜா மளிகைக் கடைக்குப் போன் செய்வார். நான் பேசும்போது உங்கள் மகன் பின்னால் நின்று என் கொண்டையை முறுக்கிப் பிடித்திருப்பான். "நல்லா இருக்கேன்பா" என்பேன். குரல் மட்டும்தானே கம்பியில் போகும்? மண்டையில் இறுகும் விரல்கள் அப்பாவுக்கு எப்படித் தெரியும்?

ஒரு ஞாயிறு நீங்களும் கடைக்கு வந்தீர்கள். அவன் பிடி என் கழுத்துக்கு வந்ததைப் பார்த்ததும் அரிசிப் பையைப் போட்டுவிட்டு ரிசீவரைப் பிடுங்கினீர்கள்.

"சம்பந்தி, ஒடனே வாங்க! என் மவன் உங்க பொண்ணு கழுத்த நெரிக்கிறான்!"

அவன் ரிசீவரைப் பறித்து உங்கள் காதிலேயே அடித்தான். திரும்பத் திரும்ப அடித்தான். ரிசீவர் பிளந்து, ரத்தம் பிஸ்கட் டின்கள்மேல் தெறித்தது. நான் அவன் கையைக் கடித்தேன். வாய் உப்புக் கரித்தும் விடவில்லை. கடைக்காரரும் ஒரு லோரி டிரைவரும் அவனைத் தரையில் அமுக்கிக் கட்டினார்கள். போலீஸ் வந்து கொண்டுபோனது.

மாலையில் அப்பா ஒரு லோரியில் வந்து இறங்கி என் கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"அத்தையும் வந்தாதான் வருவேன்" என்றேன்.

"பெத்த புள்ளயக் காட்டிக் குடுத்தவ நான். என்ன யாரு சேத்துக்குவா?" என்றீர்கள்.

"எங்க வூட்டுல சோறு இருக்கு லா. ஏறுங்க" என்றார் அப்பா.

அந்தக் காது கடைசிவரை கேட்கவில்லை. ஒருநாளும் நீங்கள் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. மகனை நினைத்து அழுதீர்களா, அத்தை? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நேற்றுக் காலை, இத்தனை வருஷத்துக்குப் பிறகு, அவன் போன் செய்தான். நம் வீட்டுக்குப் போன் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நம்பர் எப்படிக் கிடைத்ததோ.

"அம்மா மொகத்த ஒருவாட்டி தொட்டுப் பாத்துக்கறேன், செல்வி." நிஜமாகவே அழுதான்.

"தொட வேணாம்" என்று வைத்துவிட்டேன். வந்து உங்கள் கன்னத்தில் கை வைத்தேன். சில்லென்றிருந்தது. நான் செய்தது சரியா? நீங்களாக இருந்தால் வரச் சொல்லியிருப்பீர்களோ?

நாளை ஆற்றில் உங்கள் சாம்பலைக் கரைக்கிறோம். அவன் கரையில் வந்து நின்றால் விரட்ட மாட்டேன், பார்க்கட்டும். கலயத்தை மட்டும் அவனிடம் கொடுக்க மாட்டேன். இது சத்தியம்.

உங்களோடு லோரி ஏறிய மருமகள்,
செல்வி