கடலைப் பார்த்து நின்றோம்

ஐப்பசி, செவ்வாய்.

நோட்டே, சுகம்தானா? கதைசொல்லி என்ற என் பேர் இன்று கொஞ்சம் ஆடிப்போயிற்று.

தபால் விமானம் சங்குமுகத்தில் இறங்கும் என்றார்கள். கடற்கரை ஊராச்சே, கடலில்தான் மிதக்கும் என்று என் கதை கேட்கும் சாலைக்கடைக்காரர்களை அலையோரம் நிறுத்தினேன். அது எங்கள் முதுகுக்குப் பின்னால் மைதானத்தில் உருண்டு நின்றது.

"ஓய், ஒம்ம கப்பல் கரையேறிட்டு, கேட்டேரா!" என்றார் அரிசிக்கடை செல்லையா.

விமானத்தோடு வந்த மெக்கானிக்கைக் கேட்டேன். மிதவை கட்டியது தண்ணீரில் இறங்குமாம், சக்கரம் உள்ளது தரையில். அப்போ பலூன் என்றேன்; அதற்கு இரண்டும் வேண்டாமாம். அப்படியானால் நான் சொன்னது பொய்யில்லை, வந்த வண்டிதான் வேறு. நாளை இதையே கதையாக்குவேன். கேட்க ஆள் வந்தால்...

வாசலில் செல்லையா: "ஓய், தண்ணியில எறங்குததை இப்பமே சொல்லும். பத்துபேரு நிக்காவ!"

வந்துவிட்டேன். முதலில் பலூனை ஏற்றிவிட்டு, பிறகு விமானத்தைத் தண்ணீரில் இறக்கணும்.